ஜியோடேக் பேராசிரியர்

எங்கள் துறைக்காரர் மரக்கன்றை நட்டாலும் குழியை மூட விடமாட்டார். "இருங்க சார், ஜிபிஎஸ் இன்னும் பிடிக்கல." மண்வெட்டியும் கையுமாக பிரின்சிபால் குனிந்தே நிற்பார். படத்தின் அடியில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் விழுந்த பிறகுதான் கன்றுக்குத் தண்ணீர். கன்று பூமியில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பது கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும், பெங்களூரில் இருக்கிற நாக் குழுவுக்குத் துல்லியமாகத் தெரியும். பிழைத்ததா, காய்ந்ததா என்று அவர்களும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. அடுத்த வருஷம் அதே குழி, வேறு கன்று.

மழைக்கு வராந்தாவில் ஒதுங்கிய பிள்ளைகளைப் படம் பிடித்து 'வகுப்பறைக்கு வெளியே கற்றல்' என்று பெயர் வைத்தார். கேன்டீனில் பஜ்ஜி தின்றவர்கள் 'உணவுப் பாதுகாப்பு விழிப்புணர்வு' ஆனார்கள். ஒரே கூட்டத்தை இடப்பக்கமிருந்து எடுத்தால் பயிலரங்கு, வலப்பக்கமிருந்து எடுத்தால் கருத்தரங்கு; பேனரை மட்டும் மாற்ற வேண்டும். துறைத் தலைவர் தம் பணி ஓய்வு விழாவில் கலங்கியபோது, "சார், லேசா இந்தப் பக்கம் திரும்பி அழுங்க, பேனர் மறையுது" என்றார். அவரும் திரும்பி அழுதார்.

2020 ஊரடங்கில் வெபினார், வினாடி வினா என்று மின்சான்றிதழ் கொட்டியது. காளான் வளர்ப்பு முதல் கல்வெட்டியல் வரை வாங்கிவைத்திருக்கிறார். பாடம் வேதியியல்.

ஆளை முழுக்கத் திட்டவும் மனசு வரவில்லை. 2010-இல் யுஜிசி ஏபிஐ என்ற செயல்திறன் மதிப்பெண்ணைக் கொண்டுவந்து, பதவி உயர்வா, காகிதத்தைக் காட்டு என்றது. 2018 விதிமுறையில் கற்பித்தலுக்கும் அளவுகோல் இருக்கிறது: ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதம் எடுத்துவிட்டால் 'நன்று'. பாடம் புரிந்ததா என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. இத்தனைக்கும் ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்து, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் கையை நிறுத்துவது எப்படி என்று முதலாண்டுப் பிள்ளை ஒருத்திக்கு இவர் சொல்லித்தந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்லித்தர எங்கள் கல்லூரியில் வேறு ஆள் இல்லை. அன்றைக்குப் படம் எடுக்க இவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த 80 சதவீதத்தை எடுப்பது யார்? கௌரவ விரிவுரையாளர். "ஏம்மா, மூணாவது ஹவரை நீங்க பாத்துக்குங்க, எனக்கு நாக் வேலை." பாடம் அந்தம்மா எடுப்பார், பதிவேட்டில் கையெழுத்து இவருடையது. விடைத்தாள் திருத்துவதும் அந்தம்மாதான். கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019-இலேயே யுஜிசி சொல்லியாயிற்று. நம் அரசுக் கல்லூரிகளில் தருவது அதில் பாதி. மே மாதம் அதுவும் கிடையாது.

சம்பளம் கேட்டு அவர்கள் வாயிற்கூட்டம் போட்ட அன்று, போய் ஒரு வார்த்தை ஆதரவாகப் பேசுங்களேன் சார் என்றேன்.

"அது எந்த கிரைட்டீரியன்ல வரும் சார்?" என்றார்.