எட்டுக் கண்ணாடிக் கனடா மாப்பிள்ளை

பாவித்த சாமானை வெள்ளைக்காரனுக்கு நல்ல விலைக்குத் தள்ளிவிடுவதில் வடமராட்சிக்கு இருக்கிற கைப்பழக்கத்தைச் சரித்திரக்காரர்கள் ஒழுங்காக எழுதவில்லை. வல்வெட்டித்துறையிலே கட்டின அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் கண்டார், சொக்கினார், வாங்கினார். வாங்கின கையோடு பழைய பேரை அழித்துப் புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று தன் மனைவியின் பேரை எழுதினார். எங்கள் ஆட்களே பாய் இழுத்து, 1938இல் அவளை மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஊரார் இதை வீரக்கதையாகச் சொல்வார்கள். எனக்கு இது ஒரு நோயின் கதையாகத்தான் படுகிறது. அமெரிக்காவில் கப்பல் கட்ட ஆளில்லாமலா போனது? பழசு, கையால் செய்தது, இனி வராது என்று காதுக்குள் யாராவது சொன்னால் வசதியுள்ள மனிசனுக்கு மூளை கழன்றுவிடும்.

அந்த நோய் இப்போது எங்கள் பிள்ளைகளுக்கே தொற்றியிருக்கிறது. புலோலியிலும் தும்பளையிலும் பிறந்து, கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டனின் ஹரோவிலும் வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள், 60 வயது தாண்டிய ஜேர்மன் லென்ஸ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் டொலரைக் கொட்டுகிறார்கள். லென்ஸ் என்றதும் கல்யாண வீட்டிலே தோளில் தூக்கித் திரிகிற பீரங்கியை நினைக்கவேண்டாம். இது சட்டைப்பைக்குள் போட்டால் சட்டை தொங்காத சாமான். ரேஞ்ச்ஃபைண்டர் கமராவுக்கென்று செய்த அகலக்கோண லென்ஸ்: 35 மில்லிமீற்றர், 28, ஆசை முற்றினால் 21.

இந்த வம்சத்தின் மூலவர் ஒரு தொய்வுக்காரர். ஜேர்மனியில் வெற்ஸ்லார் என்ற ஊரில் லைற்ஸ் கம்பனி நுணுக்குக்காட்டி செய்து கௌரவமாகப் பிழைத்துக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஒஸ்கார் பார்ணாக்குக்கு மலையேறிப் படம் எடுக்க ஆசை. கண்ணாடித்தட்டுக் கமராவையும் அதன் முக்காலியையும் சுமக்க நெஞ்சு விடவில்லை. ஆகையால் சினிமாப் பிலிமை உள்ளே சுற்றி, 1914 அளவில் ஒரு சின்னப் பெட்டியைச் செய்தார். உடனே உலகம் மாறவில்லை, உடனே வந்தது உலகப்போர். பிறகு 1924இல் முதலாளி எர்ன்ஸ்ட் லைற்ஸ் ஆட்களைக் கூட்டிவைத்துக் கதைத்துக் களைத்து, நட்டம் வந்தாலும் வரட்டும், செய்வோம் என்று முடித்தார். 1925இல் லைப்சிக் சந்தையில் லைக்கா வந்தது. வெற்ஸ்லாரில் கைராசியான பரியாரியார் ஒருவர் இருந்து பார்ணாக்கின் தொய்வை மாற்றியிருந்தால், 20ஆம் நூற்றாண்டின் பத்திரிகைப் படக்கலை முழுக்க முக்காலியிலேயே நின்றிருக்கும்.

முதலில் வந்தது 50 மில்லிமீற்றர். 1930இல் 35 எல்மார். 1935இல் 28 மில்லிமீற்றர் ஹெக்டர். அதன் வாயை முழுக்கத் திறந்தாலும் எஃப் 6.3தான். ஸைஸ் கம்பனி தன் 28க்கு எஃப் 8 போதும் என்று விட்டுவிட்டது. ஜேர்மன் மாரிகாலத்தில் அந்த லென்ஸை வைத்துக்கொண்டு எதைப் படம் எடுத்தார்களோ! எங்கள் சித்திரை வெயிலுக்கு எஃப் 8 தாராளம். மத்தியானத்தில் பருத்தித்துறை முனையில் நின்றால் இன்னும் கொஞ்சம் மூடச்சொல்லும். தந்திக்குச் சொல் கணக்கில் காசு என்றபடியால் லைற்ஸ் கம்பனி ஒவ்வொரு சாமானுக்கும் ஐந்தெழுத்தில் ஒரு தந்திப் பேரும் வைத்தது. ஹெக்டருக்கு ஹூப்பி. பின்னாலே 1955இல் வந்த 28 சமரோனுக்கு ஸ்னூக்ஸ். 35க்கான வெளிப் பார்வைக்கண்ணாடிக்கு எஸ்.பி.எல்.ஓ.ஓ., அதை உச்சரிக்க வாயில் வழியில்லை. பட்டப்பேர் வைக்கிற கலையை வெற்ஸ்லார் எஞ்சினியர்மார் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்கு வந்துதான் படித்தார்களோ தெரியாது.

இலங்கையிலே லைக்காவுக்கு வாய்த்த பெரிய அடியார் லயனல் வென்ட். கொழும்புப் பறங்கியர், படித்தது சட்டம், வாசித்தது பியானோ, கடைசியில் பிடித்துக்கொண்டது கமரா. அன்னபூரணி குளொஸ்டரில் நங்கூரம் போட்ட அதே 1938இல் அவருடைய படங்களை லண்டனில் காட்சிக்கு வைக்க ஏற்பாடு செய்தது லைற்ஸ் கம்பனி. 1944இல், 44 வயதில் மனிதர் போய்விட்டார். போனபிறகு அவருடைய நெகட்டிவ்களை அழித்துவிட்டார்கள். இதை இன்றைய சேகரிப்பாளன் ஒருவனுக்குச் சொல்லிப் பாருங்கள். கண் கலங்குவான் என்று நினைப்பீர்கள். அவன் கேட்பது: "அப்ப அவற்றை லென்ஸுகள் எங்கை? ஆரும் வித்துப்போட்டினமோ?"

லைக்காவுக்கு எதிர்வீட்டுக்காரர் ஸைஸ். 1932இல் கொன்டாக்ஸ் என்ற கமராவை இறக்கினார்கள். அவர்களுடைய லென்ஸ் மேதை லுட்விக் பேர்ட்டெல செய்த 35 மில்லிமீற்றர் பயோகொனின் பின்கண்ணாடி, பிலிமைத் தொட்டுவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு உள்ளே இறங்கும். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் சிறுத்திருப்பதன் சூட்சுமம் இதுதான். உள்ளே ஆடி எழும்பி விழுகிற கமராவாக இருந்தால் ஆடிக்கு இடம் விட்டு லென்ஸ் தள்ளி நிற்கவேண்டும். தள்ளி நின்றபடி அகலமாகப் பார்க்க முன்னுக்குப் பெரிய கண்ணாடிகளை அடுக்கவேண்டும். உடம்பு ஊதிவிடும். ரேஞ்ச்ஃபைண்டருக்குள் ஆடி கிடையாது. லென்ஸ் வசதியாக உள்ளே போய்க் குந்திக்கொள்ளும், நேர்கோட்டையும் வளைக்காது. 1916இலே கட்டின பருத்தித்துறை வெளிச்சவீட்டை, பக்கத்திலிருக்கும் நேவிக்காரர் விட்டால், நேராகப் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் வந்தாலும் நிமிர்ந்தே நிற்கும்.

இவ்வளவு கெட்டித்தனம் இருந்தும் ஸைஸ்காரருக்குக் குடும்ப விவேகம் போதாது. போருக்குப் பிறகு அவர்கள் செய்த புதிய கொன்டாக்ஸுக்குள் போருக்கு முந்திய பயோகொன் நுழையாது! திரும்பக் குந்தியிருந்து, புதுக் கமராவுக்கென்று புதுப் பயோகொன் கணக்குப் பார்க்கவேண்டி வந்தது.

இதற்கிடையில் தோற்றுப்போன ஜேர்மனியிலிருந்து கொன்டாக்ஸ் செய்கிற அச்சுகளையும் இயந்திரங்களையும் சோவியத்துக்காரர் நட்டஈடு என்று சொல்லிக் கியெவ் நகருக்கு ஏற்றினார்கள். கொன்டாக்ஸுக்கு அங்கே கியெவ் என்றே பேர். பயோகொன் யூப்பிட்டர்-12 ஆகியது. பேர் மாற்றிய றொபின்சனாவது அன்னபூரணிக்குக் காசு கொடுத்தார். யூப்பிட்டரின் பின்கண்ணாடி அப்பனைப் போலவே துருத்திக்கொண்டு நிற்கும். கவனமில்லாமல் மேசையில் வைத்தால் கீறல்தான். ஒன்று வைரம், அடுத்தது வெறும் போத்தல் அடி. எது கையில் வரும் என்பது அவரவர் பூர்வபுண்ணியம். ஆனால் மலிவு. பருத்தித்துறையோ 1956இல் பொன். கந்தையா என்ற கம்யூனிஸ்டைத் தெரிந்தெடுத்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. அந்த விசுவாசத்துக்கு மொஸ்கோ ஒரு பெட்டி யூப்பிட்டராவது அனுப்பியிருக்கலாம். சஞ்சிகையும் புலமைப்பரிசிலும்தான் அனுப்பியது.

யப்பான்காரர் பிந்தி வந்தார்கள். கனோனுக்கு முதலில் வைத்த பேர் குவானோன், கருணைத் தெய்வத்தின் பேர். 1957இல் அவர்கள் இறக்கிய 28 மில்லிமீற்றர் எஃப் 2.8 அன்றைக்கு ஜேர்மன்காரனிடம் கூட இல்லாத வேகம். இன்றைக்கு அதைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே புகார் மூடியிருக்கும் வாய்ப்பு அதிகம். தெய்வத்தின் கருணை கண்ணாடி வரைக்கும் போகவில்லை.

இனி எங்கள் ஆட்களின் இதயம் துடிக்கிற இடத்துக்கு வருவோம். 1952இல் லைற்ஸ் கம்பனி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மிட்லண்ட் என்ற ஏரிக்கரை ஊரில், ஒரு தொழிற்சாலை போட்டது. ரஷ்யன் மேற்கு ஜேர்மனிக்குள்ளும் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் அதற்குள் இருந்தது. மூத்தவனை முதலில் வெளியே அனுப்பிவைக்கிற இந்த யோசனையை வடமராட்சியாருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்படிப் போனவர்களில் வால்டர் மண்ட்லர் என்ற லென்ஸ் வடிவமைப்பாளர் அங்கேயே தங்கிவிட்டார். கனடா போய்த் திரும்பி வந்து குடியிருந்தவர் எங்கள் ஒழுங்கையிலும் இல்லை. 1986இல் 150க்கு மேற்பட்ட தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மிதந்தபோது கனடிய மீனவர் கண்டு காப்பாற்றினார்கள். அந்தத் தமிழர் கப்பல் ஏறினது மேற்கு ஜேர்மனியில். லைற்ஸ் கம்பனி 34 வருடம் முந்திப் போட்ட அதே வழி. அவர்கள் கொண்டுபோனது தொழிற்சாலை, இவர்கள் கொண்டுபோனது உடுத்த உடுப்பு.

1958இல் 35 மில்லிமீற்றர் சமிக்ரோன் வந்தது. எஃப் 2, உள்ளே 8 கண்ணாடி. பலவற்றின் முகத்தில் கனடா என்று பொறித்திருந்தது. சேகரிப்பாளர் மூக்கைச் சுழித்தார்கள். வெற்ஸ்லாரில் பிறந்தது நல்ல குடும்பம், மிட்லண்டில் பிறந்தது ஏதோ ஒன்று. கணக்கு ஒன்று, கண்ணாடி ஒன்று, கம்பனி ஒன்று. பிறந்த இடம் மட்டும் வேறு. எங்கள் கல்யாணச் சந்தையில் கனடா என்ற ஒரு சொல் இருந்தால் செவ்வாய் தோஷமே நீங்கிவிடும். லென்ஸ் சந்தையில் அதே சொல்லுக்கு விலை குறைந்தது. இதிலே பெரிய பகிடி என்னவென்றால், சுத்தமான ஜேர்மன் என்று தலையில் தூக்கி வைத்த பழைய லென்ஸுகளுக்குள்ளே கண்ணாடியையும் கண்ணாடியையும் ஒட்டினது கனடா பால்சம். கனடாக் காட்டு மரமொன்றின் பிசின். குலம் கோத்திரம் பார்த்தவர்களின் மாப்பிள்ளைக்குள்ளே கனடா முதலே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

இந்தச் சம்பந்தத்தில் தரகர் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் யப்பானிய விற்பனையாளர். ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், ஐந்து பிளஸ் என்று குணத்துக்குப் புள்ளி போடுவார்கள். "படத்தைப் பாதிக்காத சிறு தூசி" என்றால் பொடியன் குடிப்பான், ஆனால் சத்தம் போடமாட்டான். "பாவித்த தழும்பு" என்றால் முதல் கல்யாணம் ஒன்று இருந்தது. "உள்ளே மெல்லிய புகார்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். சீதனமும் தனி: வெயில் மறைக்கிற வளையம், மூடி, தோல் உறை, பார்வைக்கண்ணாடி. இவை நாலும் ஒன்றாகச் சேர்ந்தால் சில வேளைகளில் மாப்பிள்ளையைவிடச் சீதனத்துக்குத்தான் விலை அதிகம். ஸ்காபரோவிலிருந்து புலோலிக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் இதை விளங்கப்படுத்துவது கஷ்டம்.

"எட்டுக் கண்ணாடி அம்மா! இப்ப ஒருத்தரும் இப்பிடிச் செய்யிறேல்லை."

"தம்பி, உன்ரை கொப்பருக்கு ரெண்டு கண்ணாடிதான். அதை மாத்தக் காசில்லை எண்டு போன மாசம் நிண்டனி."

அந்த லென்ஸ் ஊருக்கு வந்தால் வேறு வில்லங்கம். பருத்தித்துறை வடையைப் போத்தலில் போட்டு மூடினால் கனடா வரைக்கும் மொறுமொறுப்பாய்ப் போகும். கனடாவிலிருந்து வந்த லென்ஸுக்கு எங்கள் கடற்காற்றில் ஒரு மாரி போதும், பூஞ்சணம் வேர்விடும். பழைய ஸ்ரூடியோக்காரர் மர அலுமாரிக்குள் சின்ன பல்ப் ஒன்றை இரவு பகலாக எரியவிடுவார்கள். 1990க்குப் பிறகு போர் நடந்த வருடங்களில் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. பல்பை எதில் எரிப்பது? பட்டரியும் தடைப்பட்ட சாமான். றேடியோவுக்குச் சைக்கிள் மிதித்து டைனமோவில் செய்தி கேட்ட காலம். பட்டரி என்ற பேச்சே இல்லாமல் ஓடுகிற கமரா உலகத்தில் எங்காவது தேவைப்பட்டிருந்தால் அது அந்த நாளைய வடமராட்சியில்தான். லைக்கா எம் 3 அதற்கென்றே பிறந்த சாமான். அதை வாங்கக்கூடியவர்களோ பயண அனுமதிப் பாஸ் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

வெளியுலகத்திலும் அதற்கு முன்பே இந்த வம்சம் நொடித்துவிட்டது. 1959இல் நிக்கோன் எஃப் வந்தபிறகு ஆடி எழும்பி விழுகிற கமராவுக்கே காலம். 28 சமரோனையும் 21 மில்லிமீற்றர் சூப்பர் அங்குலோனையும் அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டு ஊதின லென்ஸை வாங்கினார்கள். வைத்திருந்தவர்கள் டிஜிட்டல் வந்தபோது மீண்டும் அடிபட்டார்கள். பின்கண்ணாடி கிட்ட நிற்பதால் ஒளி சரிந்து விழும்; பிலிமுக்கு அதில் கோபமில்லை, டிஜிட்டல் தட்டுக்குப் பிடிக்காது. 21 சூப்பர் அங்குலோனைப் போட்டால் படத்தின் இரண்டு ஓரமும் கத்தரிக்காய் நிறம். பிறகு ஆடியில்லாத கமராக்களும் 10 டொலர் இணைப்பு வளையமும் வந்து, உலகத்துப் பழைய லென்ஸ் முழுக்கத் தூசி தட்டி எழும்பியது. விலையும் எழும்பியது. 1999இலேயே கொசினா என்ற யப்பான் கம்பனி, 1756இல் வியன்னாவில் தொடங்கிய வொய்க்லான்டர் என்ற பேரை எடுத்து ஒட்டிக்கொண்டு, 15, 25 என்று சின்னஞ்சிறு அகல லென்ஸுகளைப் புதிதாகச் செய்து விற்றது. படம் எடுக்கிறவன் அதை வாங்கி நிம்மதியாக இருந்தான். சேகரிப்பாளனுக்கு நிம்மதி ஆகாது. 2016இல் லைக்காவே 28 சமரோனை, அதே எஃப் 5.6 உடன், மறுபடி செய்து விற்றது. சீனக் கம்பனி ஒன்று எட்டுக் கண்ணாடியை அச்சொட்டாகப் பிரதி எடுத்து இறக்கியது. மூலத்துக்கும் பிரதிக்கும் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க ஆட்கள் மதிலைப் படம் எடுத்து, ஓரத்துச் செங்கட்டியை எண்ணுகிறார்கள்.

மதில் எடுத்து அலுத்தால் மாமாமார் அந்த லென்ஸோடு கோடையில் ஊர்க் கல்யாணத்துக்கு வருவார்கள். 28 மில்லிமீற்றர் லென்ஸ் தூரத்தில் நின்றால் பந்தலின் ஓலையைத்தான் எடுக்கும். தாலி முடிச்சு வேண்டுமென்றால் ஐயருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவிலே தலையை விடவேண்டும். விட்டு, எழும்பி நிற்கிற பார்வைக்கண்ணாடிக்குள்ளால் ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, தூரத்தை விரலால் உருட்டிக் கணித்து முடிப்பதற்குள் கெட்டிமேளம் தொடங்கிவிடும். அந்த நேரம் பார்த்து வீடியோக்காரப் பெடியன் மேளத்துக்கு மேலாலே கத்துவான்:

"அங்கிள், மறைக்கிறியள்! உங்கடை போனிலை எடுத்து அனுப்பிறன், ஒருக்கா அங்காலை இருங்கோ."