அரை செகண்டு அண்ணன்

கோயமுத்தூரில் பேட்டைக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பகலில் லேத் பட்டறையோ பம்ப்செட் ஏஜென்சியோ நடத்துவார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தொப்பை அதற்கு முன்பே தாண்டியிருக்கும். பெற்றோர் வைத்த பெயர் எதுவானாலும் நண்பர்களுக்கு அவர் 'அரை செகண்டு அண்ணன்'. மண் தடத்தில் கார் ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டிகளில் எப்போதும் அரை செகண்டில்தான் கோப்பையைத் தவற விடுவார். இது அவர் கணக்கு. முடிவுப் பலகையின் கணக்கு வேறு. அதை யாரும் கிளறுவதில்லை.

வியாதி அவருக்கு ஊர்க்காற்றில் வந்தது. 1988இல் மாருதி 800 எஞ்சினைப் பூட்டி ஃபார்முலா கார் செய்து காட்டிய கரிவரதனின் ஊர் இது. அவர் பெயரில் 2003இல் செட்டிபாளையத்தில் பந்தயத் தடமே வந்தது. 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். நரேனின் அப்பா ராலி ஓட்டிய காலத்தில் ரோட்டோரம் நின்று அந்த வண்டியின் புழுதியை வாங்கிய குடும்பம் எங்களுடையது என்பார் அண்ணன். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு ஜமீன் தோரணை இருக்கும்.

கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தால் பாயசத்துக்கு முன்னால் இங்கிலாந்து வந்துவிடும். "லிடன் ஹில்லுங்க, கென்ட் ஜில்லா. 1967, பிப்ரவரி 4. டிவியில காட்டறதுக்குன்னே நடத்துனாங்க. ராலிகிராஸுன்னு அன்னிக்குத்தான் ஆரம்பம். ஜெயிச்சது விக் எல்ஃபர்டு, போர்ஷே 911." அங்கே நாலைந்து கார்களை ஒன்றாக அவிழ்த்துவிடுவார்கள். நம் ஊர் ஆட்டோகிராஸில் ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு மோத வேண்டும். இந்த வித்தியாசத்தை அவர் விளக்கி முடிப்பதற்குள் இலையை எடுத்துவிடுவார்கள்.

அண்ணனிடம் இருப்பது போர்ஷே அல்ல; மாருதி எஸ்டீம். 1994இல் வந்து 2007இல் நின்றுபோன வண்டி, 1,298 சிசி. ஒரு காலத்தில் இந்திய ராலிகளில் எஸ்டீமும் ஜிப்ஸியும் போட்ட போடு கொஞ்சமல்ல. இன்றைக்கு அது காயலாங்கடைக்கும் அண்ணனுக்கும் மட்டுமே வேண்டிய பொருள். காயலாங்கடைக்காரர் கேட்டதைவிடச் சற்றே கூடக் கொடுத்து வாங்கிவந்தார். அதற்குப் போட்ட நாலு டயரின் விலை என்ன என்று வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை அவர்கள் கையில் கிடைக்காதென்று நம்புகிறேன்.

பழைய வண்டியைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது கழற்றுவதில் தொடங்குகிறது. பின்சீட், கார்ப்பெட், கதவு அட்டை, ஸ்டெப்னி எல்லாம் வெளியே வந்தன. பின்சீட் திண்ணைக்குப் போனது. இப்போது மாமியார் அதில் சாய்ந்து சீரியல் பார்க்கிறார், அந்த வண்டியால் நிம்மதி கண்ட ஒரே ஜீவன். ஏசி கம்ப்ரஸரும் கழன்றது. கழற்றிய ஒவ்வொன்றையும் பட்டறைத் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதி, கிலோவுக்கு எத்தனை செகண்டு மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது காபி கொண்டுவந்த அண்ணி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங், வண்டி எடையக் கொறைக்கறதுக்கு முந்தி ஓட்டறவரு எடையக் கொஞ்சம் கொறைக்கலாமில்லீங்?"

அன்றைக்கு நோட்டில் அதற்குமேல் எதுவும் ஏறவில்லை.

பிறகு பூட்டும் படலம். வண்டி உருண்டால் தலை தப்ப இரும்புக் குழாயில் ரோல் கேஜ். கல் அடித்து ஆயில் சம்ப் உடையாமலிருக்க அடியில் சம்ப் கார்டு. பக்கெட் சீட், தோளிலிருந்து இடுப்புவரை இறுக்கும் பெல்ட், தீயணைப்பான், பேட்டரியைத் துண்டிக்க ஒரு சுவிட்ச். இவ்வளவும் ஏறியபின் பார்த்தால் வண்டி ஏறக்குறைய பழைய எடைக்கே வந்து நிற்கிறது. "போனது சும்மா எடைங்ணா, வந்தது உசுரக் காக்கற எடை" என்று தேற்றினான் மெக்கானிக் தம்பி. பில்லிலும் அதே தத்துவத்தைக் கடைப்பிடித்தான்.

போட்டியன்று காலை முதல் கண்டம் ஸ்க்ரூட்டினி. ஆட்டம் காணும் சாமான் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. வண்டி குலுங்கும்போது தண்ணி பாட்டில்கூடக் கல்லாகப் பறக்கும். பரிசோதகர் பெல்ட்டை இழுத்தார், பேட்டரியை ஆட்டினார், கடைசியில் டேஷ்போர்டில் டேப் ஒட்டி உட்காரவைத்திருந்த பிள்ளையாரை விரலால் லேசாகத் தட்டினார். பிள்ளையார் அசைந்தார்.

"இவர எறக்கோணுமுங்க."

"சாமிய எப்படிங்க எறக்கறது?"

"அப்ப போல்ட் போடுங்க."

மெக்கானிக் தம்பி டிரில்லோடு ஓடிவந்தான். பீடத்தில் ரெண்டு துளை, எட்டு எம்எம் போல்ட், அடியில் வாஷர். அந்தத் தடத்தில் விதிமுறைப்படி அன்று பொருத்தப்பட்ட ஒரே தெய்வம் அவர்தான்.

அடுத்தது தடத்தை நடந்து பார்ப்பது. அண்ணன் மண்ணைக் கிள்ளி விரலிடுக்கில் தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். அதில் என்ன தெரிகிறது என்று கேட்டால் சொல்ல மாட்டார். பின்டயரில் காற்று ரெண்டு பவுண்டு கூடவா குறையவா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும். அவர் ஓடப்போவது ஒன்றரை நிமிஷம்.

அந்த ஒன்றரை நிமிஷத்தில் அவர் வேறு ஆள். எஸ்டீமில் எஞ்சினும் இழுவையும் முன்பக்கம். மண்ணில் வேகமாகப் போய் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும்; வண்டி திரும்பாது, நேரே போகும். அதற்குத்தான் ஹேண்ட்பிரேக். வளைவுக்கு முன்னால் ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து, ஒரு இழு. பின்சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்ள, வால் சுழன்று வரும். மூக்கு வெளிவழியைப் பார்த்த கணத்தில் ஹேண்ட்பிரேக்கை விட்டு முழு ஆக்ஸிலேட்டர். ஒரு கணம் முந்தி இழுத்தால் உள்பக்கக் கோன் சாயும். பிந்தினால் வண்டி வரப்பில் ஏறும். சாய்ந்த கோனுக்குத் தண்டனை விநாடிகளும் உண்டு. ஏசியில்லை, புழுதிக்குப் பயந்து கண்ணாடி ஏற்றியிருக்கிறது, தலையில் ஹெல்மெட், வெளியே ஏப்ரல் வெயில். அண்ணி சொன்ன எடைக்குறைப்பு நடப்பது இங்கேதான்.

இறங்கியதும் காரணங்கள் தயாராக இருக்கும். முதலில் ஓடியிருந்தால், "மேல கெடக்கற பொடிக்கல்ல பூரா நாந்தான் கூட்டுனேன், பின்னால வந்தவனுக்குக் கெட்டித்தரை." இது உண்மை. கடைசியில் ஓடியிருந்தால், "அத்தன வண்டி போயி ஒரே பள்ளம், சக்கரம் நிக்கவே இல்ல." இதுவும் உண்மை. நடுவில் ஓடியிருந்தால், "அப்பப் பாத்துத்தான் தண்ணி லாரிக்காரன் தெளிச்சுட்டுப் போனான்." வென்றவன் அப்பாவின் ஸ்விஃப்ட்டைக் கேட்டு வாங்கிவந்த காலேஜ் பையன். வென்றபின் அவன் அண்ணனிடம் வந்து, "அண்ணா, ஹேண்ட்பிரேக் எங்கீங்க இழுக்கறீங்க?" என்று பவ்யமாகக் கேட்பான். அண்ணன் முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுப்பார். தோற்றவரிடம் வென்றவர் பாடம் கேட்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சிரித்தாகிவிட்டது. இனி ஒரு விஷயம். அவிநாசி ரோட்டில் அண்ணன் பின்னால் போனவர்களுக்கு அவர் மேல் கோபம்தான் வரும். ஐம்பதைத் தாண்ட மாட்டார். மஞ்சள் விளக்குக்கே நிறுத்துவார். சந்து முனையில் பால் வாங்கக் கிளம்பினாலும் பெல்ட் போடுவார். பிரேக் மிதித்தபின்னும் வண்டி எவ்வளவு தூரம் வழுக்கிப் போகும் என்பதை மண்ணில் உடம்பாலே படித்த மனுஷன். வேகத்துக்கான அரிப்பெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ரோட்டுக்கு மிச்சம் வருவதில்லை.

ஆகவே, உங்கள் வீட்டில் ராத்திரி பைபாஸில் 'கையைக் காட்டும்' பையன் யாராவது இருந்தால் திட்டிப் பிரயோஜனமில்லை. அரை செகண்டு அண்ணன் ஒருவரைத் தேடிப் பிடித்து, ஹெல்மெட்டோடு அவரிடம் அனுப்பிவையுங்கள். ஷெட்டில் ஓடாத எஸ்டீம் ஒன்று நிற்கிறது என்பதை மட்டும் அவரிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.