மலை அப்போது உயரம்

கொல்லிமலைக்குக் காரில் போகிறவர்கள் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். பாதி வழியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பிப்பார்கள். மலைக்குக் கிழக்கே துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலை இருக்கிறது. அங்கிருந்து அய்யாற்றை ஒட்டிக் கால்வழியாகவே ஆகாயகங்கை அருவிவரை ஏறலாம். ரோடு இருக்கிற மலைக்கு ரோடு இல்லாத பக்கமாகப் போவதுதான் பயிற்சி என்பது தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) எழுதப்படாத கொள்கை. எண்பதுகளின் நடுவில் எங்கள் கல்லூரிப் பிளாட்டூன் அந்தக் கொள்கைக்குத் தன் முழங்கால்களை ஒப்படைத்தது.

தேசபக்தியால் சேர்ந்தோம் என்று பிற்பாடு வேலை விண்ணப்பங்களில் எழுதினோம். சேர்ந்ததற்கு உண்மையான காரணம் பரேடு முடிந்ததும் கிடைத்த புரோட்டா. இந்தப் படை 1948இல் சட்டம் போட்டு உருவாக்கப்பட்டது. சீனப் போருக்குப் பிறகு, 1963இல், கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். 1968இல் கட்டாயம் போயிற்று, மறு வருடமே நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ். வந்தது. ஆகவே எங்களுக்குத் தேர்வுச் சுதந்திரம் இருந்தது. என்.எஸ்.எஸ். என்றால் ஏதாவது ஒரு கிராமத்தில் ரோடு போட வேண்டும், என்.சி.சி. என்றால் ரோடு இல்லாத இடத்தில் நடக்க வேண்டும். என்.எஸ்.எஸ்.ஸில் புரோட்டா இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

எங்கள் அதிகாரி வேதியியல் பேராசிரியர். அந்தக் கட்டாயக் காலத்தில் மாணவராக இருந்து, விட்டுப்போக மனமில்லாமல் தங்கிவிட்டவர். வகுப்பில் சோதனைக்குழாய் உடைந்தால் முகம் வாடிப்போகிறவர், காக்கி போட்டதும் நாங்கள் உடைந்தால் கவலைப்படமாட்டார். முகாமுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அப்பா அதைப் படிக்கவே இல்லை. “சாப்பாடு போடுவாங்களா?” என்று மட்டும் கேட்டார். போடுவார்கள் என்றதும் கையெழுத்துப் போட்டார். அவர் கணக்கில் அது பத்து நாள் மிச்சம்.

போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு கடிதம் போடச் சொல்லி 15 பைசா கார்டு ஒன்று அம்மா கொடுத்துவிட்டாள். மலை உச்சியிலிருந்து போட்ட கார்டு நான் வீடு திரும்பிய பிறகு வந்தது. தபால்காரர் அதை என் கையிலேயே கொடுத்தார். நான் நலமாக இருப்பதாக அதில் எழுதியிருந்தது, நம்பினேன்.

உடுப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் பழைய தோழர்கள் மன்னிக்கமாட்டார்கள். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த காக்கி, முதல் வேர்வையிலேயே தோலை அறுக்கும். பித்தளைப் பக்கிளை பிராஸோ போட்டுத் தேய்த்துத் தேய்த்தே எங்கள் பட்டாளத்தின் பெரும்பான்மைப் போர்முனை அனுபவம் கழிந்தது. பூட்ஸ் இரண்டே அளவுகளில் வரும், பெரிது, மிகப் பெரிது. முன்பக்கம் பஞ்சு திணித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு ஹாக்கிள் என்ற இறகுக் குஞ்சம் குத்திய பெரே தொப்பியை எப்படிச் சாய்ப்பது என்று ஹவில்தார் எத்தனையோ முறை காட்டினார். குழுப் புகைப்படத்தில் அத்தனை பேர் தலையிலும் அது ஆறிப்போன தோசையாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

நடக்க வரைபடம் தந்தார்கள். இந்திய நில அளவைத் துறையின் தாள், அதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எதிரி கையில் சிக்கக் கூடாது என்றார் ஹவில்தார். நாமக்கல் பக்கம் எதிரி யார் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. வடக்கு மூன்று வகை என்று வகுப்பில் படித்திருந்தோம்: உண்மை வடக்கு, காந்த வடக்கு, கட்ட வடக்கு. காட்டுக்குள் போய் அய்யாற்றை இரண்டு முறை கடந்ததும் மூன்று வடக்கும் மூன்று பக்கம் போய்விட்டன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தி வரைபடத்தைப் பார்க்காமலே, “அந்தப் பாறையாண்ட சோத்தாங்கைப் பக்கம் போங்க சாமி” என்றாள். பேராசிரியர் அதை வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். ராணுவ ரகசியம் அப்படித்தான் முழுமை பெற்றது.

கொல்லிமலை வல்வில் ஓரியின் நாடு. ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியின் வாயைக் கடந்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்ச் செருகி நின்றது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். முகாமுக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம் எங்களுக்கு .22 ரைஃபிள் பயிற்சி நடந்தது. ஆளுக்கு ஐந்து தோட்டா, நேர் எதிரே அசையாத அட்டை. ஓரி ஓர் அம்பில் ஐந்து உயிர்களைத் தொட்டான். எங்கள் பிளாட்டூனில் பலர் ஐந்து தோட்டாவில் ஓர் அட்டையையும் தொடவில்லை. பக்கத்து அட்டைகளில் தாராளமாக ஓட்டைகள் இருந்தன. கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஓரி. அந்த வள்ளன்மை மட்டும் எங்களுக்கு வந்திருந்தது.

ஏற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எனக்கு முன்னால் போனவனின் பூட்ஸைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. மேலே அருவி இருந்தது. சுமார் 300 அடி. கீழே நின்றால் பேச்சு கேட்காது, ஹவில்தாரின் குரல்கூட. அதற்காகவே அங்கே நெடுநேரம் நின்றோம். பிறகுதான் தெரிந்தது, அருவியிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு இன்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு என்று.

இரவு கூடாரத்துக்கு வெளியே ஏதோ உறுமியது. காவலுக்கு நின்றவன் லத்தியோடு உள்ளே வந்து எங்கள் நடுவில் படுத்துக்கொண்டான். காலையில் மரவள்ளிக் காட்டில் மண் கிளறியிருந்ததைப் பார்த்த மலைக்காரர் காட்டுப்பன்றி என்றார். கல்லூரிக்குத் திரும்பும்போது அது கரடியாகியிருந்தது. எங்களில் பலருக்குக் கல்யாணம் ஆன சமயத்தில் சிறுத்தையாக வளர்ந்துவிட்டது. பிள்ளைகளிடம் காட்டுப்பன்றி என்று சொன்னால் மரியாதை இருக்காது.

இப்போது என் தம்பி மகள் கல்லூரியில் சீனியர் அண்டர் ஆபீசர். மாணவியர் பிரிவு 1949லேயே தொடங்கிவிட்டது என்று எங்களுக்கும் பாடம் உண்டு. ஆனால் எங்கள் முகாமில் ஒரு மாணவியையும் பார்த்ததில்லை. இவள் பையன்களையும் சேர்த்து வரிசையில் நிறுத்தி அதட்டுகிறாள். போன வருடம் அவர்களுக்கும் அதே புளியஞ்சோலைத் தடம். அவள் அப்பா மஸ்கட்டில் இருப்பதால் காகிதங்கள் என்னிடம் வந்தன.

“பெரியப்பா, மஞ்சள் கலர் அடிச்ச எடத்துல எல்லாம் கையெழுத்து போடுங்க.”

சம்மதக் கடிதம், பொறுப்புறுதிப் பத்திரம், மருத்துவச் சான்று, ஒவ்வாமை விவரம், ரத்த வகை, அவசரத்துக்கு இரண்டு செல்பேசி எண்கள். வனத்துறை அனுமதி தனி. பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ஓர் அம்மா வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் மலையில் சார்ஜ் போட வசதி உண்டா என்று கேட்டிருந்தார். சாப்பாடு போடுவார்களா என்று யாரும் கேட்கவில்லை, மெனுவே பி.டி.எஃப். ஆக வந்திருந்தது. பனீர் இருந்தது. வரைபட ரகசியமும் இல்லை. 2021இல் மத்திய அரசே வரைபட விதிகளைத் தளர்த்திவிட்டது. அதே வருடம் யு.ஜி.சி. என்.சி.சி.யை மதிப்பெண் தரும் விருப்பப் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. நாங்கள் வேர்வையில் குளித்துவிட்டு வந்தால் வேதியியலில் வருகைப்பதிவு குறைந்திருக்கும். இவர்களுக்கு ஏறினால் கிரெடிட்.

இதையெல்லாம் கிண்டல் செய்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். தீ விபத்து பற்றிய பக்கம் வந்ததும் கிண்டல் ஓடவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. நாங்கள் போனது மே மாதம். புல் சருகாகக் கிடந்த சரிவில் சமையல்காரர் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினார். காற்று எந்தப் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை. முதலுதவிப் பெட்டியில் ஜென்ஷன் வயலட்டும் ஆஸ்பிரினும் இருந்தன. காற்று அன்றைக்கு எழும்பவில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்று வனத்துறை 40 தடங்களைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு வைத்தது. எனக்குத் தெரிந்த மென்பொருள்காரர்கள் பணம் கட்டிக் காத்திருந்து ஏறுகிறார்கள். எங்களைத் தண்டனை என்று சொல்லி முதுகில் மூட்டையோடு மேடேற்றினார்கள். அதே மேட்டுக்கு ரசீது போட்டிருந்தால் அரசாங்கத்துக்கு அப்போதே வருமானம் வந்திருக்கும்.

தம்பி மகள் ஏறி இறங்கி வந்தாள். அருவி பிடித்திருந்ததாம். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் போனதும் செல்பேசியின் நீலப்புள்ளி நகராமல் நின்றுவிட்டது, கூட வந்த வனக்காவலர்தான் வழி சொன்னார் என்றாள். கேட்டு மகிழ்ந்தேன். மகிழ்ச்சி அதிக நேரம் நீடிக்கவில்லை. சிக்னல் இல்லாவிட்டாலும் அவள் கைக்கடிகாரம் நடந்த தூரத்தையும் ஏறிய உயரத்தையும் அடி பிசகாமல் குறித்து வைத்திருந்தது.

“நீங்க சொல்ற தூரத்துல பாதிகூட வரலையே, பெரியப்பா!”

“அப்போ பூட்ஸ் கனம்” என்றேன்.

“பூட்ஸ் கனமா இருந்தா மலை நீளுமா?”

எங்கள் பழைய பிளாட்டூனுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் மலர், மாலையில் மருத்துவக் குறிப்பு. அவள் கடிகாரக் கணக்கைப் படம் பிடித்து அதில் போட்டேன். வழக்கமாக ஒரு நாள் கழித்துப் பதில் வரும் குழுவில் அன்றைக்கு நிமிடத்தில் வந்தது. “அதெல்லாம் தப்பா காட்டும்டா” என்று எழுதினான் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவன், “நாம ஏறுனது வேற வழி.” கட்டைவிரல்கள் குவிந்தன. லத்தியோடு கூடாரத்துக்குள் வந்து படுத்தவன், இப்போது கோயம்புத்தூரில் தாத்தா, சற்று யோசித்துவிட்டு எழுதினான்: “சிறுத்தை ஒண்ணு இல்லடா, ரெண்டு. நான்தான் அப்ப சொல்லல, நீங்க பயந்துடுவீங்கன்னு.”