நோகாத வைத்தியம்

உடம்பு பிடித்துவிடுவது என்றால் நம்மவர்களுக்கு நெடுங்காலமாக ஒரு திடமான அபிப்பிராயம் உண்டு: பிடிக்கிறவனுக்கு நெற்றியில் வியர்வை அரும்ப வேண்டும், பிடித்துக்கொள்கிறவனுக்குக் கண்ணில் நீர் ததும்ப வேண்டும், இவ்விரண்டு ஜலமும் ஒருங்கே சுரக்காவிட்டால் கொடுத்த காசு விரயம். மூன்றாவதாக ஒரு ஜலம் சரீரத்துக்குள்ளேயே சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்பதும், அதை நகர்த்துவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது என்பதும், அம்முறையில் வியர்வைக்கும் கண்ணீருக்கும் இடமே கிடையாது என்பதும், முழங்காலில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு, தொடை முதல் பாதம் வரை ஒரே பருமனாக நான் படுத்துக் கிடந்த காலத்தில்தான் தெரியவந்தன.

ரத்தக்கட்டு எதுவும் இல்லை என்று ஸ்கேன் எடுத்து நிச்சயப்படுத்திக்கொண்ட டாக்டர், நிணநீர் மசாஜ் செய்துகொள்ளும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார். ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களுக்கு நடுவே தங்கிவிடும் திரவத்தை, நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் அளவில் திரட்டிக்கொண்டு போய் மறுபடியும் ரத்தத்தில் சேர்ப்பது நிணநீர் நாளங்களின் உத்தியோகம். ரத்தத்துக்கு இருதயம் இருக்கிறது. இந்த ஏழை ஜலத்துக்கு அப்படி ஆதரவு யாரும் இல்லை. நாளங்களின் சொந்தச் சுருக்கமும், தசைகளின் அசைவும், மூச்சின் ஏற்ற இறக்கமுமே அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. படுத்த படுக்கையாகக் கிடப்பவனிடம் இவற்றுள் மூச்சு ஒன்றுதானே ஒழுங்காக நடக்கிறது!

சிகிச்சை செய்ய வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் எண்ணெய்க் கிண்ணம் இல்லை. எண்ணெய் பட்டால் கை வழுக்கும், தோலை இழுக்க முடியாது என்றாள். ஜுரம் உண்டா, கால் சிவந்து சூடாக இருக்கிறதா, இருதயத்தில் கோளாறு உண்டா, சிறுநீரகம் எப்படி என்று, பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்டு, என் கழுத்தெலும்புக்கு மேலுள்ள குழியில் விரல்களை வைத்து மெல்ல வட்டமிட ஆரம்பித்தாள்.

"வலி முழங்காலில் அம்மா" என்றேன், வழி தவறியவர்களுக்குச் சொல்லும் பரிவோடு.

"தெரியும் சார். காலில் இருக்கிறது கழுத்து வழியாகத்தானே போகணும்?"

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எனக்கு இதற்கு மேல் வியாக்கியானம் தேவைப்படவில்லை. வயலில் தண்ணீர் தேங்கினால் முதலில் கீழே போய் வடிவாய்க்காலின் அடைப்பை எடுத்துவிட்டுத்தான் மேலே வரப்பை வெட்டுவார்கள். சரீரத்தின் நிணநீர் பெரும்பாலும் இடது தோளருகே, கழுத்தெலும்புக்குப் பின்னால், ஒரு பெரிய ரத்த நாளத்தில் போய்ச் சேருகிறது. ஆகவே அங்கே வழி பண்ணிவிட்டு, பிறகு வயிறு, பிறகு கவட்டி, பிறகு தொடை என்று வந்து, பாதத்துக்குக் கடைசியில் முறை வைத்தாள். கை எங்கே இருந்தாலும் தள்ளுவதெல்லாம் உடலை நோக்கியே. நடுநடுவே வயிறு எழும்ப ஆழ்ந்து மூச்சு விடச் சொன்னாள்.

ஆனால் அந்தக் கையின் கனம் இருக்கிறதே, அதைக் கனம் என்று சொல்வதே அதிகப்பிரசங்கித்தனம். "கொஞ்சம் அழுத்தித்தான் பிடியேன்" என்று நான் கெஞ்சியும் அவள் இணங்கவில்லை. மேல்வாரியான நாளங்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றனவாம். தோலை மெதுவாக இழுத்து விட்டால் அவற்றின் வாய் திறக்கும், பலத்தைக் காட்டினால் நசுங்கிப் போகும். பலத்தையே புருஷ லட்சணமாகப் போற்றி வளர்ந்தவனுக்கு இது ஜீரணமாகச் சிறிது நேரம் பிடித்தது, ஜீரணமாவதற்குள் தூங்கிப்போனேன்.

இந்த முறையை வகுத்தவர்கள் எமில் வோடர் என்ற டென்மார்க்காரரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும். 1930களில் பிரான்ஸின் கான் நகரத்தில், ஓயாத ஜலதோஷத்தோடு வந்தவர்களின் கழுத்தில் வீங்கியிருந்த நிணநீர்க் கணுக்களை, வைத்தியர்கள் தொடத் தயங்கிய அந்த நாளில், இவர்கள் துணிந்து மெல்லத் தடவிப் பார்த்தார்கள். 1936-ல் பாரிஸில் அதைப் பகிரங்கப்படுத்தினார்கள். நிணநீர் நாளங்களைப் பற்றி 1653-லேயே நூல் வெளியிட்ட பார்த்தோலினும் கோப்பன்ஹேகன்வாசி. அந்தத் தேசத்தாருக்கும் இந்த ஜலத்துக்கும் பூர்வ ஜன்ம பந்தம் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

விழித்தபோது முக்கால் மணி நேரம் கழிந்திருந்தது. கால்விரலிலிருந்து தொடை வரை அடுக்கடுக்காகப் பட்டித்துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அன்று மாலை நான் ஸ்நான அறைக்கும் கட்டிலுக்குமாக மேற்கொண்ட யாத்திரைகளைக் கணக்கிட்டபடியே, "இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு சும்மா தடவித்தானே விட்டாள்? அதை நானே செய்திருப்பேனே" என்றாள் என் சகதர்மிணி. கல்யாணமான நாளாக இப்படி ஓர் உத்தேசம் அவளுக்கு இருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

அழகு நிலையங்களில் இதே தடவலை விற்கிறார்கள். நச்செல்லாம் வெளியேறும், இடை மெலியும் என்று விளம்பரம். நச்சை நீக்க ஈரலும் சிறுநீரகமும் சம்பளமின்றி உழைத்துக்கொண்டிருக்கின்றன. கொழுப்போ தடவிக் கொடுத்தால் சுகமாகத் தங்குமே தவிர, விடைபெறாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை எடுத்துவிட்டதால் கை வீங்கியவர்களுக்கு இந்தச் சிகிச்சை ஒரு துணை. அங்கேயும் வீக்கம் வடிவதில் பெரும்பங்கு கட்டுத்துணிக்கே உரியது. யானைக்கால் நோயாளிகளுக்கோ, தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, காலை உயர்த்தி வைக்கும்படி சொல்கிறார்கள். காசில்லாத வைத்தியம் என்பதாலேயே அதற்கு விளம்பரம் இல்லை.

ஆகவே இதற்குப் போகிறவர்கள் வலியை எதிர்பார்த்துப் போய் ஏமாற வேண்டாம். கட்டுத்துணி அரிக்கிறது என்று அவிழ்த்துப் போடவும் வேண்டாம். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கம் கண்டு, கெண்டைச் சதையும் நோகுமானால், மென்மையான கையையும் அதன்மேல் படவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.