ஒழுகியல்: ரேடியேட்டர் மாற்றம் குறித்த ஒரு முன்னாய்வு

இவ்வாய்வின் களம் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோ. மூலநூல், அங்கே நிற்கும் மாருதி 800. அதன் காலத்தைக் கணிப்பதில் சிக்கல் உண்டு. 1,87,412 கிலோமீட்டரில் மீட்டர் கேபிள் அறுந்துவிட்டது. வண்டி அதைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே அறுந்ததற்கு முந்தையதை வரலாற்றுக் காலம் என்றும், பிந்தையதை வாய்மொழிக் காலம் என்றும் பகுத்துக்கொள்வோம்.

ஆய்வேடு என்றால் பக்கம் நிரம்ப வேண்டும். வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் 1901ஆம் ஆண்டு மெர்சிடிஸ் காரில் இருந்தது. அதில் 8,000க்கும் மேற்பட்ட சிறு குழாய்கள். எங்கள் போர்ட்டிகோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதனாலேயே இது முதல் இயலில் இடம்பெறுகிறது.

ஒழுகல் மூவகைப்படும். போலி என்பது ஏசித் தண்ணீர், விட்டுவிடலாம். அகம் என்பது ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் எஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயில் பால் காபி நிறமாவது. அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாதென்பது மரபாதலால், "கேஸ்கெட் நல்லாத்தான் சார் இருக்கு" என்று மூன்று முறை சொன்ன மெக்கானிக்கின் பெயரை இங்கே சுட்டவில்லை. புறம் என்பது ரேடியேட்டரே ஒழுகுவது. பச்சைச் சொட்டு, தித்திப்பு மணம். கூலன்ட் நாய்க்கு விஷம். ஆகவே சொட்டைத் துடைத்துவிட்டுச் சிந்திக்கவும்.

புறவொழுகலுக்கு மஞ்சள்தூள் போடலாமா? இங்கேதான் அறிஞர் உலகம் இரண்டுபடுகிறது. ஒரு பிடி மஞ்சளை ரேடியேட்டரில் கொட்டினால் ஓட்டை அடைபடும் என்பது பழைய டிரைவர்களின் மரபு. ஆதாரம், என் மச்சினன் அனுப்பிய வாட்ஸாப் குரல்பதிவு (இரண்டாம் பதிவு, நான்காம் நிமிடம், இருமலுக்குப் பின்). விரலி மஞ்சளா, கஸ்தூரி மஞ்சளா? "கஸ்தூரி மூஞ்சிக்குப் பூசறதுடா" என்பது அத்தையின் கருத்து (அடுப்படி உரை, தாளிப்புக்கு முந்தைய பகுதி, கடுகு வெடித்தபின் உள்ளவை சிதைந்துவிட்டன). அடுத்தது அளவு. மச்சினன் தன் பதிவை அழித்துவிட்டு மறுபடி அனுப்பியதில் 'பிடி' போய் 'கரண்டி' வந்திருக்கிறது. அழிக்கப்பட்டதே மூலபாடம், கிடைப்பது பாடபேதம் என்பது என் துணிபு. இப்படி ஒரு சொல்லுக்காக முப்பது வருடம் பேசிக்கொள்ளாத பேராசிரியர்களை நானறிவேன். அவர்களிடம் கார் கிடையாது.

நான் 'பிடி'யே கொண்டேன். தூள் ஊறி ஓட்டையை அடைத்தது உண்மை. அடைக்க வேண்டாத மெல்லிய குழாய்களையும் அடைத்தது அதைவிட உண்மை. மூன்றாம் நாள் வண்டி கொதித்தது. தெருவே ரசம் என்று நினைத்தது.

ஆகவே மாற்றம். புதுப்பேட்டையில் பழைய பிரதி மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதற்குள் முன்னோர் போட்ட மஞ்சள் இருக்கலாம். புதியதே வாங்கினேன். எஞ்சின் ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது. ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தில் மூடி பிடித்துவைத்திருப்பதால் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். திறந்த கணத்தில் முகத்துக்குப் பொங்கும். பேட்டரியைக் கழற்று, கூலன்டை வடி, ஃபேனையும் ஹோஸையும் எடு. இத்தனை வயதான வண்டியில் ஹோஸ் ஒட்டிப்போயிருக்கும். இழுத்து மல்லுக்கட்டினால் குழாய் முனை உடையும். கத்தியால் கீறிவிட்டுப் புது ஹோஸ் போடுவதே மேல். பிறகு நிரப்பி, மூடாமல் எஞ்சினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும். இதற்கு மேற்கோள் எதுவும் கிடைக்கவில்லை. வேலை செய்தவர்கள் எழுதி வைப்பதில்லை.

எல்லாம் முடிந்து பார்த்தால் தரையில் ஒரு பத்தாம் நம்பர் போல்ட் மீந்து கிடந்தது. மூலத்தில் இது இருந்திருக்க வாய்ப்பில்லை, பிற்காலத்தார் செய்த இடைச்செருகல் என்று முடிவுசெய்து டேஷ்போர்டில் போட்டுவைத்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் ரேடியேட்டர் பக்கமிருந்து மறுப்புரை கேட்கிறது.