வெண்புள்ளியியல்: கடலூர், சிதம்பரம் செம்பருத்திகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். அதற்குள் எத்தனை வாசலில் செம்பருத்தி நிற்கிறது என்று எண்ணித் தரவு திரட்டும் முயற்சி, பேருந்தில் சன்னலோரம் கிடைக்காததால் கைவிடப்பட்டது. ஆகவே இவ்வாய்வு இரண்டே செடிகளை நம்பியிருக்கிறது. ஒன்று கடலூரில் என் மொட்டைமாடித் தொட்டியில். மற்றது சிதம்பரத்தில் மாமியார் வீட்டுக் கிணற்றடியில். ஊட்டிக் குளிரில் ஜெரேனியம் வளர்ப்போரின் கவலைகள் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவர்களுக்கு நேரம் இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள்.

சென்ற சித்திரையில் இரு செடிகளிலும் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. உடனே இரண்டு சிந்தனைப் பள்ளிகளும் தோன்றின.

கடலூர்ப் பள்ளியின் முடிவு: உப்பு. தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே காரணம்தான். சன்னல் கம்பி துருப்பிடித்தால் உப்புக்காற்று, ஃபிரிட்ஜ் நின்றால் உப்புக்காற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைக் கண்ட ஊர். காற்றின்மேல் பழி போட யாருக்கும் தயக்கமில்லை.

சிதம்பரப் பள்ளியின் நிறுவனரும் ஒரே உறுப்பினருமான என் மாமியாரின் முடிவு: திருநீறு. கோயிலுக்குப் போய் வந்தவர் நெற்றியில் இட்டது போக உள்ளங்கையில் மிஞ்சியதைக் கால்படும் இடத்தில் உதறமாட்டார்; செடிமேல்தான் தட்டிவிடுவார். "அது விபூதி மாப்பிள்ளை. செடிக்கு நல்லதுதான், விடுங்க." இதை எள்ளி நகையாட முடியாது. இலைமேல் வெள்ளைப் பொடியாகப் படரும் பூஞ்சைக்கு வேளாண் துறையினரே சாம்பல் நோய் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆய்வுக் கருவிகள் மூன்று: நாக்கு, விரல், நகம். ஈரவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கரித்தால் உப்பு. (மருந்தடித்த செடியில் இதைச் செய்யவேண்டாம்.) துடைத்தபின் நாலைந்து நாளில் மறுபடி பொடி படர்ந்தால் சாம்பல் நோய். துடைத்ததும் போய்விட்டால் திருநீறு; அடுத்த பிரதோஷம் வரை வராது. நகத்தால் நசுக்கிச் சிவந்த சாறு வந்தால் மாவுப்பூச்சி.

என் நகம் சிவந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தேன். மொட்டுக் காம்பின் இடுக்கில், பஞ்சை எச்சில் தொட்டு ஒட்டியது போல் ஒரு கொத்து. பஞ்சை விலக்கினால் பாதி நொய்யரிசி அளவில் இளஞ்சிவப்பு உடல்கள். நுனித்தளிர் பிழிந்த துணிபோல் முறுக்கிக் கிடந்தது.

இப்பூச்சிக்கு 1908இல் அறிவியல் பெயர் சூட்டியவர், இலங்கையில் பணியாற்றிய பூச்சியியலாளர் எர்னஸ்ட் கிரீன். 1994இல் அது கரீபியன் கடலில் உள்ள கிரெனடா தீவு வரை போய் அங்குள்ள செம்பருத்திகளைக் காயவைத்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

எறும்பை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. பூச்சி சாறு உறிஞ்சி, இனிப்பாகக் கழிக்கிறது. அதை நக்க எறும்பு வருகிறது. நக்கியதற்குக் கைம்மாறாகப் பூச்சியைத் தின்ன வருபவர்களை விரட்டுகிறது. மாமூலும் காவலும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. இலையில் சிந்திய மிச்ச இனிப்பில் கரும்பூஞ்சை வளர்ந்து, வெள்ளையில் தொடங்கிய நோய் கறுப்பில் முடிகிறது.

சிகிச்சைக்கு முன் ஒரு தத்துவச் சிக்கல். வள்ளலார் பிறந்த மருதூர் சிதம்பரத்துக்குப் பக்கம். 1872இல் அவர் சத்திய ஞான சபை கட்டிய வடலூரும் இதே மாவட்டம். பயிர் வாடினால் தானும் வாடியவர், அதை வாட்டும் உயிரையும் கொல்லச் சம்மதித்திருக்க மாட்டார். இம்மண்ணில் மருந்தடிப்பவன் யார் பக்கம் நிற்பது? இரண்டு நாள் யோசித்ததில் இன்னொரு கிளை போய்விட்டது.

எனவே: சுருண்ட நுனிகளை வெட்டி அப்புறப்படுத்துக. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுக. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின். பூச்சியின்மேல் மெழுகு இருப்பதால் சோப்பில்லாத மருந்து வழிந்துவிடும். லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பும் கேட்கும். கடலூரில் அதன் நாற்றத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. சிதம்பரத்தில் டப்பாவைத் திறந்த மாத்திரத்தில் அத்தை, டப்பாவையும் என்னையும் வாசலுக்கு அனுப்பிவிட்டார். அச்செடி சிகிச்சையின்றி விடப்பட்டது. ஆய்வு மொழியில் அதைக் கட்டுப்பாட்டுச் செடி என்று கொள்க.

பிழையும் பதிவாகவேண்டும். கடலூர்ச் செடியில் மற்றவற்றைவிடப் பெரிய, சடைசடையாக வெள்ளை தொங்கும் சில உருப்படிகளைக் கண்டேன். தலைவர்கள் என்று கருதி, பதினேழைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் மூழ்கடித்தேன். பிறகுதான் தெரிந்தது, அவை கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுக்கள். காபிச் செடியின் செதில்பூச்சியை ஒழிக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்ட இனம். மாவுப்பூச்சி போலவே மெழுகு போர்த்திக்கொண்டு, அதன் கூட்டத்துக்குள் புகுந்து அதையே தின்பது. அடையாளம் ஒன்றுதான்: மாவுப்பூச்சி ஒட்டிக் கிடக்கும், இது விறுவிறுவென்று நடக்கும்.

வைகாசியில் சிதம்பரம் போனேன். கிணற்றடிச் செடியில் பஞ்சு பாதியாகக் குறைந்து, புதுத்தளிர் முறுக்கில்லாமல் விரிந்திருந்தது. அத்தை ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். சடை வைத்த வெள்ளை ஒன்று காம்பில் ஏறிக்கொண்டிருந்தது.

"விபூதி நடக்குது பாருங்க மாப்பிள்ளை."