மோனசைட் இருந்தும் முடியவில்லை

சரிகிற பேரரசிலிருந்து ஒரு கோளைப் பிரித்துக்கொண்டு போகும் தலைவனுக்கு, ராணுவ அறிவியல் புனைகதைக்காரர்கள் தவறாமல் ஓர் அபூர்வக் கனிமத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கனிமம் கையில் இருந்தால் விடுதலை உறுதி என்று நம்புகிறவர்கள் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மணவாளக்குறிச்சிக்கு ஒரு நடை வந்து போகலாம். 1909-இல் ஜெர்மானியரான ஷோம்பர்க் கண்ணில் பட்டபோது அங்குள்ள மோனசைட் மணல் காஸ் விளக்கு மேண்டிலுக்குத்தான் உதவியது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு அதிலுள்ள தோரியத்தின் மவுசே வேறு. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த 1947 ஜூனில், திருவிதாங்கூர் இனி தனி நாடு என்று திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் அறிவித்ததற்கு இந்த மணல் தந்த தெம்பும் ஒரு காரணம். பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியைக்கூட நியமித்தாயிற்று.

சம்பளம் வாங்கிய திவான் எப்படிக் கலகக்காரர் ஆவார் என்று கேட்கலாம். புனைகதைகளில் பிரிந்து போகிறவர்கள் மட்டும் யாராம்? பெரும்பாலும் பேரரசே பட்டம் கொடுத்து வளர்த்த ஆளுநர்கள்தாம். சரி, போர் எங்கே என்றால், அதுதான் இல்லை. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஓர் இசை நிகழ்ச்சியில் திவானுக்கு வெட்டு விழுந்தது. சில நாட்களிலேயே மன்னர் இந்தியாவோடு இணைய இசைந்தார். மணல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மணவாளக்குறிச்சி இருக்கும் தென்பகுதி உண்மையில் பிரிந்தது பிறகுதான், அதுவும் திருவிதாங்கூர்-கொச்சியிடமிருந்தே. அதற்கான போராட்டத்தில் 1954-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர் மார்ஷல் நேசமணி, தொழிலால் வக்கீல்.